அம்மாவின் முழங்கையில் இருந்த விரல்கள்



இரண்டு படங்கள் போட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான். 1996 மே மாதம், தாம்பரம் பக்கத்தில் உள்ள கிஷ்கிந்தாவில் நான் எடுத்தது.

அதுவரை எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் திருவிழா ராட்டினம்தான். 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற 3டி படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் 1995-ல் அந்தப் பூங்காவைத் தொடங்கினார். அடுத்த கோடை விடுமுறையிலேயே திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் கிளம்பிவிட்டோம். அப்போது மீட்டர் கேஜ். பதினோரு பேர், இரண்டு தூக்குவாளி புளிசாதம். பெயரைக் கேட்டதும் அம்மா, "அனுமார் கோயில் இருக்கும்ல?" என்று கற்பூரம் எடுத்து முடிந்துகொண்டார். அண்ணன் தம்பி சண்டைக்குப் பேர்போன ஊர் அது என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

கேமரா, உடன் வேலை பார்த்த ஆசிரியரிடம் இரவல் வாங்கிய யாஷிகா. நனைந்துவிடும் என்று நான் கரையிலேயே நின்றேன். அலைக்குளத்தில் இறங்க மாட்டேன் என்று அம்மா அடம்பிடித்தார். தம்பிதான் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். முதல் அலை இடுப்பில் அடித்ததும் அம்மா சிரித்தார். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. அப்பா போன பிறகு அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் பார்த்ததில்லை. அழுத்திவிட்டேன்.

அம்மா இறந்த மறு வருஷம் வீட்டைப் பாகம் பிரித்தோம். கிணறு யார் பக்கம் என்பதில் வார்த்தை தடித்தது. நானும் பேசக்கூடாததைப் பேசினேன். அன்று இரவு ஆல்பத்தை எடுத்து, கத்தரிக்கோலால் தம்பியை வெட்டினேன். உங்களுக்கெல்லாம் பொறுமை சொல்லிக்கொடுத்த அதே வாத்தியார்தான். அவன் விரல்களை மட்டும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் அம்மாவின் கையும் போய்விடும். அந்தக் கிணறு இப்போது தூர்ந்து கிடக்கிறது.

போன மாதம் பேத்தி ஆல்பத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, பெரிய ஆயா கையைப் பிடிச்சிருக்கிறது யாரோட விரல்?"

பதில் சொல்லாமல் பரணில் ஏறினேன். ஸ்டூடியோக்காரர் அன்று கொடுத்த உறைக்குள் நெகட்டிவ் அப்படியே இருந்தது. (1995 கிரகணத்தன்று நெகட்டிவ் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கிளம்பி என்னிடம் அடி வாங்கியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.) ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகத் தெரியுமல்லவா? தம்பியின் தலை முழுக்க வெள்ளை. இன்றைக்கு அவன் தலை அப்படித்தான் இருக்கும்.

ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்து, முழுப் படத்தையும் அவன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை; எழுத வரவில்லை. நீல டிக் விழுந்து ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது:

"கற்பூரத்தை அம்மா கடைசியில எங்கண்ணா ஏத்துனாங்க?"

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயிலில், என்று எழுதினேன். அம்மா திதிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அந்த ரோலில் 36 படம். என்னிடம் இருப்பது 22. பெரியத்தை வீட்டுப் பிள்ளைகளே, உங்கள் டிரங்குப் பெட்டியைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள்.