ஜவ்வாது மலையில் மூன்று நாட்கள்

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பது நம் முன்னோர் வாக்கு. சென்ற அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் நாங்களும் மூன்று நாள் விருந்தாளிகளாகச் சென்றோம். எங்கே தெரியுமா, தோழிகளே? ஜவ்வாது மலைக்கு!

என் பாட்டிக்குச் சர்க்கரை நோய். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை. ஆகையால் அப்பா, ஜமுனாமரத்தூருக்கு அருகே சமையலறையோடு கூடிய வீடு ஒன்றை இரண்டு இரவுகளுக்கு வாடகைக்குப் பேசினார். பெருநகரங்களில் சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்கிறார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். அடுப்பு, பாத்திரம், கட்டில், கம்பளி எல்லாம் அங்கேயே இருக்கும். நாமே சமைத்துக்கொள்ளலாம். பெருக்கவும் பாத்திரம் துலக்கவும் ஆள் உண்டு. “நம் வீடு போலவும் இருக்கும், வேலையும் இராது” என்றார் அப்பா. எனக்கு அந்த இரண்டாவது பாதி மிகவும் பிடித்துவிட்டது!

சென்னையிலிருந்து வாணியம்பாடி வரை இரயில். அங்கிருந்து பேருந்தில் ஆலங்காயம், காவலூர் வழியாகப் பயணம். வண்டி வளைந்து வளைந்து மேலே ஏற ஏற, சன்னல் வழியே குளிர் உள்ளே புகுந்தது. தம்பி பாட்டியின் சால்வைக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டான்.

வீட்டுச் சாவியோடு ஓர் அம்மாள் காத்திருந்தார். அவரது வலக்கையில் துணிக்கட்டுப் போட்டிருந்தது. அவர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். மலையாளி என்றதும் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். ஜவ்வாது மலையின் பெரும்பான்மை மக்கள் இவர்களே. சாமை பயிரிடுகிறார்கள், தேனும் புளியும் சேகரிக்கிறார்கள். பாட்டியின் நோயைக் கேள்விப்பட்ட அந்த அம்மாள், ஒரு படி சாமை கொண்டுவந்து கொடுத்து, எத்தனை பங்கு தண்ணீர் வைக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்றிரவு சாமைச் சோறும் கீரைக் குழம்பும் அமிர்தமாக இருந்தன.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் பீமன் அருவி. தம்பி குளிரில் நடுங்கிக்கொண்டே குளித்தான். நான் கரையோடு சரி. மாலையில் காவலூர் வானாய்வகம். நான் இந்தப் பயணத்திற்கு ஆசைப்பட்டதே இதற்காகத்தான். நமது நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இங்கே உள்ளது. காவலூரைத் தேர்ந்தெடுத்து, இந்தத் தொலைநோக்கிக்கும் திட்டமிட்டவர் விஞ்ஞானி வைணு பாப்பு. ஆனால் அது முற்றுப்பெறுவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1982இல் அவர் காலமானார். 1986 ஜனவரியில் ஆய்வகத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடக்கு வானத்தையும் தெற்கு வானத்தையும் இங்கிருந்து காண முடியும் என்று அறிந்தபோது, புவியியல் பாடம் உயிர் பெற்றது போல் இருந்தது.

வானம் தெளிந்திருந்தால் பார்வையாளருக்குத் தொலைநோக்கி வழியே விண்மீன்களைக் காட்டுவார்கள். அன்றோ மேகம் கவிந்துகொண்டது. வெகுநேரம் காத்திருந்தும் ஒரு மீன்கூடத் தென்படவில்லை. கோபமும் பசியுமாகத் திரும்பினேன். சாப்பிட்டு முடித்ததும் அம்மா பாத்திரங்களை எடுத்தார். “போட்டுவிடுங்கள் அம்மா! காலையில் ஆள் வருமே. அதற்குத்தானே பணம் கொடுத்திருக்கிறோம்?” என்றேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தட்டுகளைக் கொல்லைப்புறக் கல்லருகே வைத்துவிட்டுப் படுத்தோம்.

விடியற்காலை ஐந்து மணி இருக்கும். பாத்திரச் சத்தம் கேட்டு விழித்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தேன். என் வயதுப் பெண் ஒருத்தி குத்துக்காலிட்டு அமர்ந்து, எங்கள் எச்சில் தட்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் காய்ந்த சோற்றுப் பருக்கைகளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். தொட்டித் தண்ணீர் பட்ட விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

“அம்மாவுக்குக் கை சரியில்லை. அதான் நான் வந்தேன்” என்றாள். பேசியதில் தெரிந்தது, அவளும் பதினொன்றாம் வகுப்பு, விடுதியில் தங்கிப் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அவளுக்கும் அதே விடுமுறைதான்!

நேற்றைய ஏமாற்றத்தைச் சொன்னேன். அவள் சிரித்து, ஈரக் கையால் மேலே காட்டினாள். மேகம் முழுவதும் விலகியிருந்தது. அத்தனை விண்மீன்களை நான் சென்னையில் கண்டதே இல்லை. வடக்கே சப்தரிஷி மண்டலத்தை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினாள். “எங்க பள்ளிக்கூடத்திலேயிருந்து காவலூருக்குக் கூட்டிப்போனாங்க. சனியோட வளையத்தைப் பார்த்தேன்” என்றாள். நான் பணம் செலவழித்துக் காண வந்ததை, என் தட்டைத் துலக்கியவள் எனக்குக் காட்டினாள்!

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கைதான் வந்தது. கம்பளியை உதறிவிட்டு அவளருகே அமர்ந்து ஒரு தட்டை எடுத்தேன். தண்ணீர் ஊசியாய்க் குத்தியது. நான் தேய்த்த தட்டை அவள் வாங்கிப் பார்த்து, பேசாமல் மறுபடியும் தேய்த்தாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

அன்று புறப்படுமுன் நானும் தம்பியும் அறைகளைப் பெருக்கி, கம்பளிகளை மடித்து, எல்லாத் தட்டுகளையும் துலக்கி அடுக்கினோம். சாவியை வாங்கிக்கொண்ட அந்த அம்மாள், “எங்களுக்கு என்ன வேலை வைத்தீர்கள்?” என்று வியந்தார். என் அம்மா இம்முறையும் ஒன்றும் சொல்லவில்லை. என் தலையை மட்டும் தடவினார்.

சென்னை வந்து சேர்ந்த இரவு, சாப்பிட்ட தட்டை வழக்கம்போல் தொட்டியில் போட்டுவிட்டு நகர்ந்தேன். இரண்டடி நடந்தபின்தான் நினைவு வந்தது. நம் வீட்டில் பணமும் வாங்காமல், விடுமுறையும் இல்லாமல் அதைத் துலக்குகிறவர் யார்? திரும்பிச் சென்று குழாயைத் திறந்தேன்.

தோழிகளே, விருந்து மூன்று நாளில் முடிந்துவிட்டது. மருந்து மட்டும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது!