சத்தத்துக்குள் ஒளிந்திருந்த ஓட்டை

உப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதற்காகப் புத்தளத்துக்குச் சென்றிருந்தேன். திரும்பி வருகையில் பாலாவியிலிருந்து கொழும்புக்கு உப்பு ஏற்றிச் செல்லும் லொறியொன்றில் எனக்கு இடம் கிடைத்தது. சாரதி என்னைவிட மூத்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். அவரை நானா என்றே அழைத்தேன். எதையும் உரத்த குரலில்தான் பேசினார். சுபாவம் அப்படியென்று எண்ணிக்கொண்டேன்.

விடிவதற்கு முன்னர் அவர் எஞ்சினை முடுக்கியதும் புகைக்குழாயின் வாயிலிருந்து வெண்ணிற ஆவி கிளம்பியது. பின்னர் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மண்ணில் விழுந்தது.

“இந்தத் தண்ணிக்காகத்தான் தம்பி, போன மாசம் எஞ்சினைக் கழற்றிப் பூட்டினோம். இன்னும் நிற்கவில்லை” என்றார்.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசிவதாக ஒரு கராஜில் சொல்லியிருக்கிறார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று கேட்டேன். ஒரு சொட்டும் குறைவதில்லை என்றார். அப்படியானால் அது வேறு தண்ணீர். டீசலில் உள்ள ஐதரசன் எரியும்போது காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து நீராகிறது. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் பிறக்கும் என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். குழாய் சூடாக இருக்கையில் அது ஆவியாகவே போய்விடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. குளிர்ந்த குழாயில் அது துளியாகிவிடும். உப்பளத்துக்கும் களஞ்சியத்துக்கும் இடையே சிறு ஓட்டம் ஓடி நிற்கும் லொறியில் குழாய் முழுதாகச் சூடேறுவதில்லை. தாழ்வான வளைவுகளில் நீர் தேங்கி உள்ளிருந்தே அரிக்கிறது. வெளியிலிருந்தோ கடற்காற்று. போதாததற்கு, மூடைகளிலிருந்து கசியும் உப்புநீர் பலகை இடுக்குகளால் கீழே இறங்கிக் குழாயின் மேலேயே விழுகிறது.

அந்தக் குழாயும் பழைய குழாயன்று. சைலன்சர் பெட்டி துருப்பிடித்து விழுந்த பின்னர், அதற்குப் பதிலாக நேர்க்குழாயொன்றை ஒட்டியிருந்தார்கள். மலிவு என்பது ஒரு காரணம். இழுவை கூடும் என்ற நம்பிக்கை மற்றொன்று. அறைகளும் துளைக்குழாய்களும் கொண்ட அந்தப் பெட்டிதான் எஞ்சின் துடிப்பின் வேகத்தை உடைத்துச் சத்தத்தை அடக்குவது. அது இல்லாத லொறி முந்தல் தாண்டும்வரை என் நெஞ்சுக்கூட்டுக்குள் ஓடியது.

2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்ற பெயரில் வாகனங்களின் மேலதிக அலங்காரங்களைப் பொலிஸார் அகற்றத் தொடங்கியபோது எழுந்த விவாதம் நினைவுக்கு வந்தது. தெருவில் போகிறவனுக்கு ஏற்படும் தொல்லையைப் பற்றித்தான் நாங்கள் பத்திரிகைக்காரர்கள் அதிகமும் எழுதினோம். ஆசனத்தில் இருப்பவனைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பது தொழிற்சுகாதாரத்தில் பரவலாகக் கொள்ளப்படும் கணக்கு. நானாவின் உரத்த குரல் சுபாவமன்று என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சிலாபத்தில் பிளேன்டீ குடிக்க இறங்கினோம். நெற்றியை அழுத்திக்கொண்டு, “இந்த இடத்துக்கு வந்தால் தலையிடி தொடங்கிவிடும். நித்திரை இல்லாததுதான்” என்றார். நான் முதல்நாள் இரவு நன்றாக உறங்கியவன். எனக்கும் தலையிடித்தது.

தேநீர்க்கடைக்கு அருகில் சிறிய கராஜொன்று இருந்தது. பையனைவிடச் சற்றே பெரியவனான ஒருவன், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, நனைத்த சாக்குத்துணியால் குழாயின் வாயைச் சிறிது நேரம் அடைத்தான். ஆசனத்துக்கு நேர் கீழே இருந்த மூட்டொன்றிலிருந்து ‘உஸ்’ என்று புகை சீறியது. துரு தின்ற ஓட்டை, விரல் நுழையும் அளவு. புகையில் கார்பன் மொனொக்சைட்டும் உண்டு. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பற்றுடன் அது இரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். டீசல் எஞ்சினில் அது பெற்றோல் எஞ்சினைவிடக் குறைவுதான். ஆனாலும் டீசல் புகை முழுவதையுமே புற்றுநோய்க் காரணியென 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகவரகம் வகைப்படுத்திவிட்டது.

“எத்தனை மாசமா இப்படி?” என்று அவன் கேட்டான்.

நானாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. சைலன்சர் உள்ள லொறியென்றால் இப்படியோர் ஓட்டை விழுந்த அன்றே ‘டக் டக்’ என்று தனியாகக் கேட்டிருக்கும். இங்கே முழு லொறியும் அலறிக்கொண்டிருந்தது.

ஓட்டையை அன்றே ஒட்டினார்கள். பெட்டி வாங்குவதற்கு மட்டும் அவர் தயங்கினார். தண்ணீர் அதையும் தின்றுவிடுமே என்றார். அடிப்பாகத்தில் தாழ்வான இடத்தில் சிறிய துளையொன்று இட்டால் தேங்கும் நீர் வடிந்துவிடும் என்று அந்த இளைஞன் சொன்னான். மிச்சப் பயணத்தைக் கண்ணாடிகளைத் திறந்துவைத்தே ஓட்டினார்.

இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். பெட்டி போட்டாகிவிட்டதாம், தலையிடியும் இல்லையாம்.

“ஆனால் தம்பி, இப்ப பின் சில்லுப் பக்கம் கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்குது. புதிசா, முந்தியே இருந்ததா என்று விளங்கவில்லை” என்றார், பழைய உரத்த குரலிலேயே.