ஆணி அடிக்காத மணவறை

லண்டனில் கலியாணச் சோடனை வேலை தொடங்கி இருபத்தொரு வருடமாகிறது. பாடசாலை ஹோல், கோயில் மண்டபம், ஹோட்டல், மழை பெய்த ஒரு நாளில் கார் தரிப்பிடம் என்று எங்கெங்கோ மணவறை போட்டிருக்கிறேன். பழைய நூலகக் கட்டடம் என்று அழைப்பு வந்தால் மட்டும் விலை சொல்ல இரண்டு நாள் கேட்பேன். ஒருமுறை போய் நின்று பார்க்காமல் அதற்கு விலை சொல்ல முடியாது.

இந்த நாட்டில் அப்படியான கட்டடங்களுக்குக் குறைவில்லை. உருக்கில் காசு சேர்த்த ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் முதல் நூலகம் 1883இல் அவர் பிறந்த ஊரான டன்ஃபர்ம்லினில் திறந்தது. பிறகு பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் மட்டும் 600க்கு மேல் எழுந்தன. கட்டடத்துக்கு அவர் காசு கொடுப்பார். நடத்தும் செலவை ஊர் தன் வரியிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். நூறு வருடம் கழித்து வரிக்காசு இறுகியபோதும், புத்தகங்கள் புதிய கட்டடங்களுக்குப் போனபோதும் சில வாடகை மண்டபங்களாயின. லண்டன் நகரின் நடுவே கில்ட்ஹோலில் உள்ள பழைய நூலகமும் இப்படி மண்டபமானதுதான். டவர் பாலத்தை வடிவமைத்த ஹோரஸ் ஜோன்ஸ் 1870களில் கட்டியது. 1974இல் புத்தகங்கள் பக்கத்துப் புதுக் கட்டடத்துக்குப் போக, இப்போது அங்கே விருந்து நடக்கிறது. இந்தக் கட்டடத்துக்கு முந்திய காலத்தில் அந்த இடத்து நூலகத்தின் புத்தகங்களை 1549இல் சமர்செற் பிரபு ஒருவர் இரவல் என்று வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பியே தரவில்லையாம். வைப்புப் பணம் வாங்கும் வழக்கம் அன்றைக்கு இல்லைப் போல.

இந்த மண்டபங்களுக்கு ஒரு குணம் உண்டு. நூலகம் கட்டியவர்கள் சுவரைப் புத்தகத்துக்கு விட்டார்கள். அதனால் யன்னல்கள் உயரத்துக்குப் போயின; பல இடங்களில் கூரையிலேயே கண்ணாடி. வாசிக்கிறவரின் தாளில் விழ வேண்டிய வெளிச்சம் அது. பொம்பிளைக்கு அது சதி. மத்தியான முகூர்த்தத்தில் உச்சியிலிருந்து விழும் வெளிச்சம் கண் இரண்டையும் குழியாக்கிவிடும். போதாக்குறைக்கு வழமைபோல் மணவறைக்குப் பட்டில் மேற்கட்டி போட்டால் முகம் முழுக்க இருட்டு. நான் இப்போது மேலே மெல்லிய வெள்ளை வலைத்துணிதான் இழுக்கிறேன். வெளிச்சம் அதில் வடிந்து மெதுவாக இறங்கும். படம் பிடிக்கிற பொடியன்கள் என்னைக் கும்பிடுவார்கள்.

சத்தம் அடுத்த சங்கதி. புத்தகம் நிறைந்த சுவர் சத்தத்தைக் குடிக்கும். புத்தகம் போன பிறகு மிஞ்சுவது மரப்பலகை, கல், சாந்து, கண்ணாடி. எல்லாமே சத்தத்தைத் திருப்பி எறிகிறவை. அங்கே கெட்டிமேளம் கொட்டினால் தவில் அடங்கி முடிய முதல் ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போயிருப்பார், ஒருவருக்கும் கேட்காது. மைக்கைக் கூட்டினால் இன்னும் மோசம். அதனால் தடித்த வெல்வெட் துணியைத் தானே நிற்கும் கம்பிகளில் போட்டு, வெறும் இறாக்கைகளுக்கு முன்னால் நிறுத்துவேன். விருந்தாளிகள் அதை அலங்காரம் என்று நினைப்பார்கள். புத்தகம் செய்த வேலையைத் துணி செய்கிறது என்பது எனக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் தெரியும். நாதஸ்வரக் கோஷ்டியைப் பக்கத்து அறையில் இருத்தி, கதவை அரைவாசி திறந்து வைக்கச் சொல்வேன். அவர்களுக்கு அது அவமானம். முதலே போன் எடுத்துக் கதைத்து, சம்மதம் வாங்கிவிட வேண்டும்.

பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தை அனுமதியில்லாமல் மாற்றினால் இங்கே குற்ற வழக்கு. ஆணி, திருகாணி, சுவரில் டேப், தூணில் கயிறு எதுவும் ஆகாது. மணவறை தன் காலிலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு தூணின் அடித்தட்டிலும் இருபது கிலோ பாரம் வைத்துப் பூச்சாடியால் மறைப்பேன். இது எனக்கு இலேசாக வரவில்லை. என் இரண்டாவது நூலக வேலையில் நாலு தட்டுக்குக் கீழும் கம்பளத் துண்டு வை என்று உதவிப் பொடியனிடம் சொன்னேன். மூன்றுக்கு வைத்தான். நான் குனிந்து பார்க்கவில்லை. கழற்றி இழுத்தபோது அந்தப் பழைய மரத்தரையில் ஒரு முழத்துக்கு வெள்ளைக் கோடு. வைப்புப் பணத்தில் 350 பவுண் போயிற்று. காசைவிட, மண்டபக் காவலாளி ஒன்றும் சொல்லாமல் முழங்காலில் இருந்து அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் கீழே நானே கையை விட்டுப் பார்ப்பேன். வயது போன முதுகு நோகத்தான் செய்கிறது.

ஓமம் தனிக் கதை. அனுமதிக்கும் இடங்கள் கொஞ்சம். அனுமதித்தாலும் புகை உணர்கருவியை அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்தி, தீ பார்க்க ஒருவரை நிறுத்துவார்கள்; அவருக்கும் நாங்கள்தான் சம்பளம். தீத்தடுப்புத் துணி, அதன்மேல் இரும்புத் தட்டு, செங்கல், மணல், அதற்கு மேல்தான் குண்டம். நெய்யைக் கரண்டியால் அளந்து விடச் சொல்லி ஐயரிடம் கேட்பேன். சிலர் முறைப்பார்கள்.

போன வருடம் கிழக்கு லண்டனில் ஒரு கலியாணம். விடிய ஏழு மணிக்கு நாங்கள் துணி இழுத்துக்கொண்டிருந்தோம். பொம்பிளையின் அப்பப்பா முதல் ஆளாக வந்துவிட்டார். கதிரை போட்டுக் கொடுத்தேன், இருக்கவில்லை. வெறும் இறாக்கைகளைத் தொட்டுத் தொட்டு நடந்தார்.

"புத்தகமெல்லாம் எங்கை தம்பி?"

"வேற இடத்துக்குக் கொண்டு போட்டினம் ஐயா."

"எரிக்கேல்லையே?"

"இல்லை ஐயா."

"அப்ப சரி," என்றார். ஒரு இறாக்கையை மட்டும் மறைக்காமல் விடச் சொல்லிக் கேட்டார். விட்டேன். அந்தப் பக்கத்தால் எதிரொலி கொஞ்சம் கூடத்தான் வந்தது.

இப்படி மண்டபம் எடுக்க நினைக்கிறவர்கள் முகூர்த்தம் எத்தனை மணிக்கோ அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். வாடகையைக் கேட்க முதல் நடுவில் நின்று கையை ஒருக்கால் தட்டுங்கள். சத்தம் எத்தனை நேரம் சுற்றுகிறது என்று கேளுங்கள். கடைசிப் பெட்டி எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் நடுச்சாமம் என்பார்கள். மணவறையைக் கீறாமல் கழற்ற எனக்கு மூன்று மணித்தியாலம் வேண்டும். தயவுசெய்து ஒன்பது மணிக்கு முதல் சாப்பாட்டை முடித்துவிடுங்கள்.