பள்ளத்தில் புதைத்த செல்ஃப்

பழைய காரில் ஏதாவது ஒரு பாகம் கைக்கு எட்டாத இடத்தில் இருந்துவிட்டால் அதற்கு ஊரெங்கும் ஒரே விளக்கம்தான்: "கம்பெனிக்காரன் வேணும்னேதான் அங்க வச்சிருக்கான். அப்பதானே நாம சர்வீஸ் சென்டருக்கு ஓடுவோம்." பட்டறையிலும் இதையே சொல்கிறார்கள், படித்த இஞ்சினியர்களும் இதையே சொல்கிறார்கள். எந்தக் காருக்கும் எந்தப் பாகத்துக்கும் இவ்வளவு சுலபமாகப் பொருந்திவிடுகிற விளக்கத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருவது வழக்கம். கைக்கு எட்டாத இடம் என்பது எங்கிருந்து வருகிறது, யார் அதை முடிவு செய்கிறார்கள் என்று தேடிப் பார்க்க வேண்டுமானால், பொதுவாகப் பேசிப் பயனில்லை. ஒரு கார், ஒரு பாகம் என்று பிடித்துக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். நான் பிடித்துக்கொண்டது, டொயோட்டா 1989-இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய லெக்சஸ் எல்எஸ் 400 காரின் செல்ஃப் மோட்டார்.

அந்தக் காரின் நான்கு லிட்டர் வி8 இஞ்சினுக்கு 1யூஇசட்-எஃப்இ என்று பெயர். பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்கள், இரண்டு வரிசைக்கும் நடுவே 90 டிகிரி விரிவு. அந்த விரிவின் அடிப்பள்ளத்தில், இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, பின்பக்கமாகப் படுத்திருக்கிறது செல்ஃப். பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரியாது. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தாலும் தெரியாது. வீட்டில் தானே மாற்ற முனைகிறவர் முதலில் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும், பெட்ரோல் லைனில் இருக்கும் அழுத்தத்தை இறக்க வேண்டும், கூலன்ட்டை வடிக்க வேண்டும். பிறகு காற்றுக் குழாய், த்ராட்டில் பாடி, எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று பட்டி ஒட்டி எழுதியபடி வேக்குவம் ஹோஸ்கள், இன்ஜெக்டர் வயர்கள், கடைசியில் மேனிஃபோல்டே வெளியே வரும். இருபது முப்பது வருடச் சூட்டில் பிளாஸ்டிக் கனெக்டர்கள் தொட்டாலே நொறுங்கும். திறந்து கிடக்கும் இன்டேக் துளைகளில் ஒரு நட்டு விழுந்தால் வேலை வேறு கதையாகிவிடும் என்பதால் துணியை அடைத்துவைக்க வேண்டும். இத்தனைக்கும் செல்ஃபைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இரண்டே இரண்டு.

சதி என்ற விளக்கத்தை இந்தக் காரின் மேல் வைத்துப் பார்த்தால் முதல் அடியிலேயே இடறுகிறது. லெக்சஸ் அப்போது பெயரே கேள்விப்படாத புது பிராண்ட். மெர்சிடிஸுக்கும் பிஎம்டபிள்யூவுக்கும் எதிரே நின்று நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டிய நிலை. கார் வெளிவந்த சில மாதங்களில், 1989 டிசம்பரில், பிரேக் விளக்கிலும் க்ரூஸ் கன்ட்ரோலிலும் குறை என்று தெரிந்தவுடன் விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்ப அழைத்து, பலரின் வீட்டுக்கே போய்க் காரை எடுத்துவந்து, 20 நாளில் சரிசெய்து கொடுத்தார்கள். வாரன்டி நான்கு வருடம், இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு வருடம். அந்தக் காலத்துக்குள் செல்ஃப் போனால் மேனிஃபோல்டைக் கழற்றும் கூலி கம்பெனியின் பையிலிருந்துதான் போகும். அடிக்கடி பழுதாகும் என்று தெரிந்த ஒன்றைத் தன் செலவிலேயே தோண்டி எடுக்க வேண்டிய இடத்தில் யாராவது புதைப்பார்களா? சர்வீஸில் கம்பெனிகளும் டீலர்களும் காசு பார்ப்பது உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தக் காசு ஆயில், பிரேக் பேட், ஃபில்டர் என்று திரும்பத் திரும்ப வருகிற வேலைகளில் இருக்கிறது. அவையெல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. கஷ்டத்தை விற்பதுதான் நோக்கம் என்றால் முதலில் மறைத்திருக்க வேண்டியது ஆயில் ஃபில்டரை.

அடுத்து இடநெருக்கடியைப் பார்த்தேன். வி8 இஞ்சினின் இரு வெளிப்பக்கங்களிலும் எக்ஸாஸ்ட் குழாய்கள் தகிக்கின்றன. ஒரு பக்கம் ஸ்டீயரிங் தண்டு வேறு. காற்றுத் தடை 0.29 என்ற அளவுக்கு வழுவழுப்பாக வடித்த உடல் அது, எல்லாவற்றையும் இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. நடுப்பள்ளமோ சும்மா கிடக்கிற இடம், சேறும் தண்ணீரும் தெறிக்காத இடம். காடிலாக் 1993 மாடலாகக் கொண்டுவந்த நார்த்ஸ்டார் வி8 இஞ்சினிலும் செல்ஃப் இதே பள்ளத்தில்தான் இருந்தது. லெக்சஸில் இஞ்சின் நீளவாக்கில் நிற்கிறது, பின்சக்கரங்கள் தள்ளுகின்றன. காடிலாக்கில் இஞ்சின் குறுக்குவாக்கில், முன்சக்கரங்கள் இழுக்கின்றன. சிக்கல்கள் வேறு வேறு, வந்து சேர்ந்த இடம் ஒன்று. போதாததற்குத் தொழிற்சாலையின் வரிசையும் இதற்கு ஒத்துழைக்கிறது. அங்கே இஞ்சின் காருக்குள் ஏறுவதற்கு முன்பே, ஸ்டாண்டில் நிற்கும்போதே, செல்ஃபை இரண்டு போல்ட்டில் பூட்டி, அதன் மேல் மேனிஃபோல்டை வைத்துவிடுகிறார்கள். அவர்கள் முதலில் பூட்டியதை நாம் கடைசியில்தான் கழற்ற முடியும்.

ஆனால் இடநெருக்கடி ஏதோ ஒன்றைப் புதைக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. செல்ஃபைப் புதைக்கலாம் என்ற தைரியம் எங்கிருந்து வந்தது? சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃபைத் தன் 1912 மாடல் கார்களில் முதன்முதலாகப் பொருத்தியதும் இதே காடிலாக்தான். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் யாரும் அதை முழுசாக நம்பவில்லை. 1948-இல் வந்த மோரிஸ் மைனரின் முன்பக்கத்தில்கூட ஹேண்டில் நுழைக்க ஒரு துளை இருக்கிறது. செல்ஃப் எடுக்காவிட்டால் இறங்கிச் சுற்றிக்கொள் என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட துளை அது. அந்தக் கால செல்ஃப் இஞ்சினின் பக்கவாட்டில், ஸ்பேனர் போகிற இடத்தில் இருந்ததற்கும் அந்தத் துளைக்கும் காரணம் ஒன்றுதான்: அது பழுதாகும் என்று செய்தவருக்கே தெரியும். துளை மறைந்தது, செல்ஃப் உள்ளே போனது. ஆக, ஒரு பாகம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது அது எவ்வளவு நாள் உழைக்கும் என்று வடிவமைத்தவர் போட்ட கணக்கு என்றே நான் படிக்கிறேன். ஆயில் பார்க்கும் கம்பி, ஏர் ஃபில்டர், பாட்டரி எல்லாம் மேலே இருப்பதும் அதே கணக்கில்தான்.

இதற்கு ஒரு நல்ல ஆட்சேபம் உண்டு. குறுக்குவாக்கில் வைத்த வி6 கார்கள் பலவற்றில் பின்வரிசை ஸ்பார்க் பிளக்கை மாற்ற மேனிஃபோல்டின் மேல்பகுதியைக் கழற்ற வேண்டியிருக்கிறது. பிளக் தேயும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, அப்படியிருந்தும் புதைத்திருக்கிறார்களே? புதைத்தார்கள், கூடவே பிளக்கையும் மாற்றினார்கள். முனையில் பிளாட்டினம், பிறகு இரிடியம் வைத்து அதன் ஆயுளை நீட்டினார்கள். நார்த்ஸ்டார் இஞ்சினுக்கு முதல் ட்யூனப் ஒரு லட்சம் மைலில் போதும் என்று காடிலாக் விளம்பரமே செய்தது. ஆழத்துக்கு ஏற்ப ஆயுளை வளர்த்துக் கணக்கை நேர்செய்தார்கள். ஆட்சேபம் என் வாதத்துக்கே வலு சேர்த்துவிட்டது என்று இங்கே திருப்திப்பட்டுக்கொண்டிருக்கலாம். லெக்சஸின் செல்ஃபைப் பிரித்துப் பார்த்தால் அந்தத் திருப்தி நிலைக்காது.

பிரித்தால் உள்ளே மோட்டார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கார்பன் பிரஷ் தேய்ந்திருக்காது, கியர் பல் உடைந்திருக்காது. பழுது செல்ஃபின் சோலினாய்டு என்ற மின்காந்த சுவிட்சுக்குள், கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு செப்புத் துண்டில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஒரு பிளஞ்சர் உள்ளே இழுக்கப்படுகிறது; அதன் நுனியில் ஒரு செப்பு வட்டு. அந்த வட்டு இரண்டு செப்புக் காண்டாக்ட்டுகளின் மேல் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் பாட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் மோட்டாருக்குப் பாய்கிறது. ஒவ்வொரு முறை தொடும்போதும் விலகும்போதும் பொறி பறந்து கொஞ்சம் செம்பைத் தின்கிறது. பாட்டரிப் பக்கத்துக் காண்டாக்ட் பெரும்பாலும் அதிகமாகத் தேய்கிறது. ஒரு கட்டத்தில் வட்டு ஒரு காண்டாக்ட்டில் உட்கார்ந்து மற்றதை எட்டாமல் நிற்கும். அப்போது கேட்பதுதான் அந்த ஒற்றை 'டக்'. இஞ்சின் சுற்றாது. விளக்குகள் பிரகாசமாக எரியும், பாட்டரி சரியாக இருக்கும். மறுபடி சாவியைத் திருப்பினால் மறுபடி டக். நாலைந்து முறை திருப்பினால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும், ஏனென்றால் வட்டு தன் அச்சில் சற்றுச் சுழலக்கூடியது. தேயாத ஒரு விளிம்பு எதிரே வந்துவிட்டால் மின்சாரம் பாய்ந்துவிடுகிறது. உரிமையாளர் பாட்டரியை மாற்றுகிறார், சாவி சுவிட்சை மாற்றுகிறார், கார் சில வாரம் ஓடுகிறது, அவர் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறார். இப்படி ஆளைச் சுற்றலில் விடுகிற பழுது வேறு அதிகம் இல்லை.

என் கணக்கைக் குலைப்பது இந்தத் துண்டின் தேய்மானம் அல்ல, அது தனியாக விற்பனைக்குக் கிடைப்பது. காண்டாக்ட்டும் பிளஞ்சரும் தனித்தனி உதிரிபாகங்கள். சோலினாய்டின் மூடி சில போல்ட்டுகளில் திறக்கிறது. நட்டைக் கழற்றி, பழைய செம்பை எடுத்துப் புதியதை வைத்து மூடிவிடலாம். தேயும் என்று தெரிந்து, மாற்றுவதற்கு வழியும் செய்து, மலிவாக விற்கவும் ஏற்பாடு செய்த ஒரு பாகத்தை மேனிஃபோல்டுக்கு அடியில் வைத்தார்கள் என்றால், புதைத்த ஆழம் ஆயுளின் கணக்கு என்று நான் சொன்னது என்னாவது? விடை செல்ஃபின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது: டென்சோ. டொயோட்டாவின் மின்பாகப் பிரிவாக இருந்து 1949-இல் தனிக் கம்பெனியாகப் பிரிந்த நிப்பான்டென்சோதான் இது. இதே வடிவ செல்ஃபை அவர்கள் சின்ன கார்களுக்கும் பிக்கப் லாரிகளுக்கும் செய்துகொண்டிருந்தார்கள். பிக்கப்பில் செல்ஃப் பக்கவாட்டில் தொங்குகிறது. காலை டீக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே காண்டாக்ட் மாற்றிவிடலாம். செல்ஃபை வடிவமைத்தவர் அதைப் பிக்கப்பின் பக்கவாட்டில் கற்பனை செய்து தேய்மானத்துக்கு வழி வைத்தார். இஞ்சினை அடுக்கியவர் அதை உழைக்கிற ஒரு முழுப் பெட்டியாக எடுத்துப் பள்ளத்தில் வைத்தார். ஒரே காருக்குள் இரண்டு கணக்குகள். இரண்டும் தனித்தனியே சரி, கூட்டினால்தான் உதைக்கிறது.

கார் கம்பெனி ஆயுளை அளப்பது மைலிலும் வருடத்திலும். செப்புக் காண்டாக்ட் தேய்வதோ எத்தனை முறை சாவி திரும்பியது என்பதை வைத்து. நெடுஞ்சாலையில் நாளெல்லாம் ஓடுகிற காரும், கடைக்கும் பள்ளிக்குமாக நாளைக்குப் பத்து முறை அணைத்து எழுப்பப்படுகிற காரும் ஓடோமீட்டரில் ஒரே எண்ணைக் காட்டலாம், சோலினாய்டுக்குள் இரண்டும் வேறு வேறு வயது. முதல் உரிமையாளர் வாரன்டி முடிந்து சில வருடத்தில் விற்றுவிடுகிறார். டக் சத்தம் கேட்பது மூன்றாவது ஆளுக்கு. அந்த மூன்றாவது ஆளைக் கணக்கில் எடுக்காததே ஒரு வகைத் துரோகம்தானே என்று சதிக் கட்சியினர் கேட்டால் அதில் பாதியை ஒப்புக்கொள்வேன். அவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் விட்டதும் திட்டம் போட்டதும் ஒன்றாகிவிடாது. சதி என்றால் அவரை நினைத்தாவது இருக்க வேண்டும்.

வெளியே எடுத்து வைத்தால் தீர்ந்துவிடுமா என்றால், அதையும் டொயோட்டாவே செய்து பார்த்திருக்கிறது. லேண்ட் க்ரூஸர் 100-இன் வி8 வரை பள்ளத்தில் இருந்த செல்ஃப், 2007 டன்ட்ராவில் வந்த 5.7 லிட்டர் இஞ்சினில் பக்கவாட்டுக்கு வந்தது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பின்னால். இப்போது மேனிஃபோல்டுதான் மாறியிருக்கிறது. இன்டேக் பக்கத்து நட்டுகள் அழுக்கேறியிருந்தாலும் கழன்று வரும். எக்ஸாஸ்ட் பக்கம் வருடக்கணக்கில் பழுக்கக் காய்ந்து துருவேறியது, ஸ்டட் பாதியில் ஒடிந்தால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று என்னைக் கேட்டால் பள்ளத்தையே சொல்வேன்.

பள்ளத்தைத் திறந்துவிட்ட பிறகு, இஞ்சினை அடுக்கியவர் போட்ட அதே கணக்கு மூன்றாவது ஆளின் மேல் வந்து விழுகிறது. செல்ஃபுக்குப் பக்கத்திலேயே இரண்டு நாக் சென்சார்கள் இருக்கின்றன, இன்னும் வேலை செய்கின்றன, ஆனால் வயர் காய்ந்து விறைத்திருக்கிறது. மாற்றுவதா, விடுவதா? மேனிஃபோல்டு கேஸ்கெட்டுகள் புதிதாகவே போட வேண்டும், அதில் யோசனைக்கு இடமில்லை. மேனிஃபோல்டு மூடிவிட்டால் கண்ணில் படாத சிறு ஹோஸ்களையும் மாற்றிவிடுவது நல்லது, விலை சொற்பம். செல்ஃப் விஷயத்தில் பலர் பழையதைக் கொடுத்துவிட்டு, கடையில் மலிவாகக் கிடைக்கும் புதுப்பித்த செல்ஃபை வாங்கிப் பூட்டுகிறார்கள். உள்ளே யார் என்ன செம்பைப் போட்டார்கள் என்பது பூட்டி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். போய்விட்டால் திரும்பவும் கூலன்ட் வடிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். மோட்டார் நன்றாக இருந்தால் டென்சோவின் அதே உடலை வைத்துக்கொண்டு, இரண்டு காண்டாக்ட்டையும் பிளஞ்சரையும் புதிதாகப் போட்டு, மூடுவதற்கு முன் மேசையிலேயே பாட்டரி கொடுத்துச் சுற்றவிட்டுப் பார்த்துவிடுவது மேல்.