ஃபெஸ் நகரத்து ஒழுங்கைகளில் ஒரு மாலை

பயணம் என்றதும், "அதற்குப் பணமும் நேரமும் எங்கே?" என்று பெருமூச்சு விடுகிறீர்களா? அப்படியானால் இன்று என்னோடு வாருங்கள். கடவுச்சீட்டு வேண்டாம், பெட்டி கட்டவும் வேண்டாம். அஸர் தொழுதுவிட்டுக் கையடக்கத் தொலைபேசியின் முன் அமர்ந்தால் போதும். மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் வழிகாட்டி ஒருவர் கெமராவை ஏந்தியபடி நடக்கிறார். அவர் காண்பதை அதே நேரத்தில் நாமும் காண்கிறோம். நமக்கு மாலை 5 மணி. அங்கே பகல் 12.30.

முழங்கால் வலியால் அடுத்த தெருவுக்கும் போகாத என் மாமியும் பக்கத்தில் அமர்ந்துகொண்டார்.

முதலில் பாப் பூஜ்லூத் வாசல். வெளிப்புறம் நீல ஓடுகள், உட்புறம் பச்சை. 1913இல் எழுந்த வாசல்தான் இது. ஆனால் அதைத் தாண்டினால் 1200 ஆண்டுப் பழைமையான நகரம்! இந்த ஒழுங்கைகளில் கார் நுழையாது. சுமையெல்லாம் கழுதையின் முதுகில்தான். "பாலக்! பாலக்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வழிவிடு என்று பொருளாம். மாமி சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்!

சற்று நடந்தால் பூ இனானிய்யா மத்ரஸா. சுவரின் கீழ்ப்பாதியில் வண்ண ஓடுகள், அதன்மேல் சுதைச் சிற்பம், அதற்கும் மேல் செதுக்கிய தேவதாரு மரம். 1350களில் இதைக் கட்டியவர் சுல்தான் அபூ இனான். உலகைச் சுற்றி வந்த இப்னு பதூதாவைத் தம் அனுபவங்களைச் சொல்லச் செய்தவரும் அவரே. இப்னு ஜுஸைய் என்ற அறிஞர் அவற்றை எழுதி முடித்தார். 1344இல் நமது தீவுக்கு வந்து பாவாத மலை ஏறிய கதையும் அதில் உண்டு.

எண்ணிப் பாருங்கள் சகோதரிகளே! அன்று ஃபெஸ்ஸில் இருந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே நமது மலையைக் கண்டார்கள். இன்று நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து அவர்களுடைய வீதியைக் காண்கிறோம்.

வாசனைத் திரவியக் கடைகளைக் கடந்தால் கரவிய்யீன் பள்ளிவாசல். கைரவான் நகரிலிருந்து குடியேறிய பாத்திமா அல் பிஹ்ரி என்ற பெண்மணி, வாரிசாகக் கிடைத்த செல்வத்தைக் கொண்டு 859இல் இதை நிறுவினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வேலை முடியும்வரை அவர் நோன்பு நோற்றதாகவும் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. காலப்போக்கில் இது பெரும் கலாசாலையாக வளர்ந்தது. உலகில் இடைவிடாது இயங்கிவரும் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்றும் போற்றப்படுகிறது. கையில் காசு வந்தால் நாம் எதை நினைப்போம்? நகையையா, வீட்டுக்கு இன்னொரு தட்டையா? அந்தப் பெண் நினைத்தது தலைமுறைகளை.

கடைசியாகத் தோல் பதனிடும் சுவாரா. தேன்கூடுபோல் வட்டத் தொட்டிகள். முழங்கால் அளவு சாயத்தில் நின்று வேலை செய்கிறார்கள். சுண்ணாம்பும் புறா எச்சமும் சேர்வதால் நாற்றம் தாங்காதாம். பார்க்க வருவோருக்குப் புதினாத் தழை கொடுப்பார்கள், மூக்கில் பிடித்துக்கொள்ள. நமக்கோ நாற்றமும் இல்லை, புதினாவும் இல்லை. படத்தில் வராதது அதுதான். அந்த மனிதர்களின் உழைப்பைக் கண் காண்கிறது. அதன் கடுமையை நாம்தான் மனத்தால் உணரவேண்டும்.

திடீரென்று மினாராக்களிலிருந்து லுஹர் பாங்கு எழுந்தது. வழிகாட்டி நின்றுவிட்டார். கேட்டுக்கொண்டிருக்கையிலேயே எங்கள் ஊர்ப் பள்ளியிலும் மஃரிப் பாங்கு ஒலித்தது. மாமியின் கண்கள் கலங்கின. "ஊரை விட்டுப் போகாமலே போய் வந்துட்டேன், மகள்" என்றார்.

இன்ஷா அல்லாஹ், ஒரு மாலையில் நீங்களும் போய் வாருங்கள். தனியாக அல்ல. வெளியே நடக்க முடியாத ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு போங்கள்.