“தூள் எங்கை, தம்பி?”

கற்றவர்க்கு வரும் கர்வங்களுள் ஒன்று, தாம் நன்கறிந்த ஒரு துறையின் பலத்தைக் கொண்டு, அறியாத இன்னொரு துறையையும் வென்றுவிடலாம் என்று எண்ணுவது. நாம் ஓர் இந்துக் கல்லூரியிலே இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகின்றோம். பட்டமும் பெற்றோம், மேடைகளிலும் பேசினோம். ஆதலால், எமது தமக்கையாருக்கு ஓர் இணையத்தளம் அமைத்துக் கொடுப்பது பெரியதொரு காரியமாக எமக்குத் தோன்றவில்லை. அக்கர்வம் அடங்கிய வரலாற்றையும், அதனால் நாம் கற்றவற்றையும் இங்கே எழுதுகின்றோம். சிறு தொழில் செய்யும் குடும்பங்களுக்கும் கணினி பயிலும் மாணவர்க்கும் இது பயன்படக்கூடும்.

எமது அத்தான் 2019ஆம் ஆண்டிலே காலமானார். வடமராட்சியிலே இரண்டு பெண் பிள்ளைகளுடன் தனித்துவிட்ட தமக்கையார், தமக்குத் தெரிந்த கைவேலையையே தொழிலாகக் கொண்டார். செத்தல் மிளகாய், கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தனித்தனியே பக்குவமாக வறுத்து, மஞ்சளும் சேர்த்து இடிப்பித்த கறித்தூளே அவருடைய சரக்கு. அயலவர் வாங்கினர், கொழும்புக்குப் போவோர் பொதி கட்டிக்கொண்டு சென்றனர். ஆயினும், அயலிலே எத்தனை வீடுகள் உண்டு? ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு தூள் வேண்டும்? மூத்தவள் உயர்தர வகுப்புக்கு வந்தபொழுது செலவு வளர்ந்தது, வியாபாரம் வளரவில்லை.

2023ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று, “தம்பி, வெளியூர்ச் சனத்துக்கும் தெரிஞ்சால் விக்கலாம். உந்த இன்ரநெற்றிலை எனக்கும் ஒண்டு செய்து தாவன்” என்று அவர் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், சில நாள்களிலே செலவுக்கான பணத்தையும் எம் கையிலே தந்தார்.

இணையத்தளம் ஒன்றுக்கு முதலில் வேண்டுவன இரண்டு. ஒன்று ஆள்களப் பெயர். அது வீட்டின் விலாசத்தைப் போன்றது. மற்றொன்று, தளத்தின் பக்கங்களை வைத்திருந்து கேட்டவர்க்கு அனுப்பும் சேவையகத்திலே இடம். அது வீடு நிற்கும் காணியைப் போன்றது. விலாசத்தைக் காலந்தோறும் பணங்கட்டிப் புதுப்பித்தல் வேண்டும். மறந்தால் அதனைப் பிறர் எடுத்துக்கொள்ளவும் கூடும். நமது நாட்டிற்குரிய ‘புள்ளி எல்கே’ என்ற முடிவோடும், 2010ஆம் ஆண்டு தொடக்கம் ‘புள்ளி இலங்கை’ எனத் தமிழிலேயே முடியுமாறும் பெயர் பெற வழியுண்டு. நாம் அப்பெயரை எமது பெயரிலன்றித் தமக்கையாரின் பெயரிலே பதிவு செய்தோம். முதன்முறை நாம் செய்தவற்றுள் சரியான காரியம் அஃதொன்றே.

மற்றவற்றைச் சொல்லவும் கூச்சமாக இருக்கின்றது. தளத்தைத் திறந்தவுடன் கடலிலே சூரியன் மறையும் காட்சி தோன்றும். அதன்மேல் எழுத்துகள் இடமிருந்து வலமாக ஓடும். பின்னர் மோனையும் எதுகையும் பொழிய நாம் எழுதிய நீண்டதொரு வரவேற்புரை. அதனை அடுத்து, அமெரிக்கக் கண்டத்திற்குரிய மிளகாய்ச் செடியைப் போர்த்துக்கேயர் கீழைநாடுகளுக்குக் கொணர்ந்த வரலாறு பற்றி மூன்று பக்கக் கட்டுரை. அதன் கீழே, தளத்தை அமைத்தவர் என்ற முறையிலே எமது படமும் பட்டமும்! விலையை வெளியே எழுதுவது நாகரிகமன்று என்று விட்டுவிட்டோம். தொலைபேசி இலக்கத்தை மட்டும் அழகிய சித்திரமொன்றினுள் அமைத்துக் கடைசியிலே வைத்தோம். சரக்கு முறுக்கா, செட்டி முறுக்கா என்று ஒரு பழமொழி உண்டு. எம் தளத்திலே முறுக்காக நின்றது சரக்கன்று.

மாசி மாதத்திலே அது வெளிவந்தது. கல்லூரி நண்பர்கள் கண்டு பாராட்டினர். தமக்கையார் கைத்தொலைபேசியை அருகிலே வைத்துக்கொண்டு வறுத்தார். அருகிலே வைத்துக்கொண்டு உறங்கினார். பங்குனி போயிற்று; சித்திரை போயிற்று; ஆடியும் கழிந்தது. ஓர் அழைப்பேனும் வரவில்லை. அவர் எம்மிடம் ஒரு வார்த்தையும் குறை கூறினாரல்லர். “சனத்துக்கு மெல்ல மெல்லத்தானே தெரியவரும்” என்று எமக்கே ஆறுதல் சொன்னார்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் அவர் வீட்டிலே சாப்பிட்டுக்கொண்டிருந்தபொழுது, சோறு பரிமாறிய அவருடைய கையிலே வழக்கமாகக் கிடக்கும் காப்பினைக் காணவில்லை. பிறகு மூத்த மருமகளைத் தனியே கேட்டோம். “அது தையிலேயே அடகிலை, மாமா. உந்த வெப்சைற்றுக்குத்தான்” என்றாள் அவள். அன்றிரவு நாம் உறங்கவில்லை. எமது எதுகை மோனைகளுக்காக அன்றோ அந்தக் காப்பு அடகுக்குப் போயிற்று!

மறுநாட் காலையிலே எமது பக்கத்து வீட்டு மாமியிடம் சென்றோம். மாமி பிள்ளைகள் வெளிநாட்டிலே இருப்பதால் நாள்தோறும் கைத்தொலைபேசியிலே முகம் பார்த்துப் பேசும் பழக்கம் உடையவர். தளத்தைத் திறக்கும் வழியைக் காட்டி, “மாமி, இதிலை அரைக்கிலோ தூள் என்ன விலையெண்டு பார்த்துச் சொல்லுங்கோ” என்று கேட்டு, வேறொன்றும் பேசாமல் அருகிலே அமர்ந்தோம். நெடுநேரம் வெண்திரையே நின்றது. பின்னர் சூரியன் மறைந்தது. மாமி கண்ணாடியை எடுத்து அணிந்தார். விரலால் மேலும் கீழும் தள்ளினார். எமது படத்தைக் கண்டு சிரித்தார். ஈற்றிலே தொலைபேசியை எம்மிடம் நீட்டி, “எல்லாம் வடிவாய்த்தான் கிடக்கு. தூள் எங்கை, தம்பி?” என்றார்.

ஆறு மாதமாக எமக்கு விளங்காதது அந்தக் கேள்வியிலே விளங்கிற்று. விருந்தினரை வாயிலிலே நிறுத்திவைத்து எம் குலப்பெருமை கூறும் வீட்டுக்காரரைப் போல நாம் நடந்திருந்தோம். வந்தவர் தேடிய பொருளை நாம் எண்ணிப் பார்க்கவேயில்லை.

அதன்பின் வெட்கத்தை விட்டு, கணினி பயிலும் எம் மாணவி ஒருத்தியிடம் தளத்தைக் காட்டினோம். அவள் தயங்கித் தயங்கிக் குற்றங்களை எடுத்துரைத்தாள். “சேர், படத்துக்குள்ளை இருக்கிற நம்பரை அமத்தி கோல் எடுக்கேலாது” என்பது முதற் குற்றம். இரண்டாவது, தமிழெழுத்து. வரவேற்புரையை நாம் எமக்குப் பழக்கமான பாமினி எழுத்துருவிலே அடித்துப் படமாக்கி இட்டிருந்தோம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கருவியிலே ஆங்கிலக் கிறுக்கலாகத் தோன்றும். ஒருங்குறியிலோ தமிழுக்கெனத் தனியான எண்கள் உண்டு. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ‘யாழ்ப்பாணத்துக் கறித்தூள்’ என்று ஒருவர் கூகிளிலே தேடினால், அச்சொற்கள் ஒருங்குறியிலே எழுதப்பட்டிருக்கும் பக்கமே எளிதிற் கண்டறியப்படும். கண்பார்வை இல்லாதவர்க்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் செயலிக்கும் எழுத்து எழுத்தாகவே இருத்தல் வேண்டும். படம் இடுவதாயின், அது இன்னதென்று கூறும் மாற்றுரையும் உடன் எழுதவேண்டும்.

மூன்றாவது குற்றம் பாரம். அதனை அவள் கணக்குப் போட்டே காட்டினாள். நாம் இட்ட படங்கள் ஏழு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 மெகாபைற்று. ஆகவே மொத்தம் 28. ஒரு பைற்றுக்கு 8 பிற்றாகக் கணக்கிட்டால் 224 மெகாபிற்று. நொடிக்கு 2 மெகாபிற்று வேகமுள்ள தொடர்பிலே அவை வந்துசேர 112 நொடிகள், அஃதாவது ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். மாமி எம்மீதுள்ள அன்பினாலே பொறுத்திருந்தார். முன்பின் அறியாத ஒருவர் ஏன் பொறுத்திருக்க வேண்டும்?

நிற்க. உலகின் முதலாவது இணையத்தளத்தை, செனீவா நகரையடுத்த சேர்ன் ஆய்வுகூடத்திலே பணியாற்றிய டிம் பேர்ணர்ஸ்-லீ என்பார் 1991ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அதிலே படமும் இல்லை. ஓடும் எழுத்தும் இல்லை. இத்திட்டம் யாது, இதனைப் பயன்படுத்துவது எவ்வாறு என்ற விளக்கமும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இணைப்புகளுமே இருந்தன. அத்தளம் தமக்கையாருக்கு அமைத்த எமது தளத்திலும் மேலானது என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம்.

அடுத்த சனிக்கிழமை தாளும் பேனையுமாகத் தமக்கையாரின் வீட்டு விறாந்தையிலே போய் உட்கார்ந்தோம். தூள் வாங்க வருவோர் கேட்பவற்றையும், அவர் கூறும் மறுமொழியையும் ஒன்றுவிடாமல் எழுதினோம். என்னென்ன போட்டது? உறைப்பு எப்படி? கிலோ என்ன விலை? எத்தனை மாதம் இருக்கும்? இவையே திரும்பத் திரும்ப வந்த கேள்விகள். வெளியூரார் கேட்கக்கூடியவை இன்னும் இரண்டு: எவ்வாறு அனுப்புவீர்கள்? பணம் எவ்வாறு கட்டுவது? ஒரு பெண்மணி இரண்டு கிலோ கேட்டபொழுது தமக்கையார், “ஒரேயடியாய் வாங்கி வையாதேங்கோ, பிள்ளை, மணம் போயிடும். இப்ப அரைக்கிலோ கொண்டுபோங்கோ” என்றார். கூடுதலாக விற்கும் வாய்ப்பை அவராகவே விட்டுவிட்டதைக் கண்டோம். அச்சொல்லிலும் சிறந்த விளம்பரத்தை எந்தத் தமிழாசிரியரும் எழுதமுடியாது.

ஐப்பசியிலே புதிய தளம் எழுந்தது. முதற்பக்கத்தின் தலையிலே ஒரே வாக்கியம்: இது வடமராட்சியில் வீட்டிலே வறுத்து இடித்த கறித்தூள். அதன்கீழ், அழுத்தியவுடன் அழைப்புச் செல்லும் தொலைபேசி இலக்கமும், பேசத் தயங்குவோர்க்கு வாட்ஸ்அப் வழியும். அடுத்து, உறைப்புக் கூடியது, குறைந்தது என இரண்டு வகை, ஒவ்வொன்றுக்கும் விலை, அவ்விலை எழுதப்பட்ட திகதி. பின்னர், விறாந்தையிலே கேட்ட கேள்விகளும் தமக்கையாரின் மறுமொழிகளும் அவருடைய சொற்களிலேயே. படங்கள் மூன்று மட்டும். அவற்றையும் 150 கிலோபைற்று அளவுக்குச் சுருக்கினோம். முன்னர் இரண்டு நிமிடம் எடுத்த அதே தொடர்பிலே அவை இரண்டு நொடிக்குள் வந்துவிடும்.

இளஞ்சிவப்பின் மேல் மஞ்சள் எழுத்தை நீக்கி, வெண்மையின் மேல் கறுப்பெழுத்தை வைத்தோம். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்திலேனும் இருத்தல் வேண்டும் என்பது இணையத் தராதரங்களை வகுப்போர் விதித்த அளவு. திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தானே ஒடுங்கியும் விரிந்தும் அமையும் முறையையும் கைக்கொண்டோம். அம்முறையை ஈதன் மார்க்கொட் என்பவர் 2010ஆம் ஆண்டிலே எழுதி விளக்கினார். அதனால் கைத்தொலைபேசியிலே பார்ப்பவர் எழுத்தைப் பெருப்பிக்க வேண்டியதில்லை.

இம்முறை எமது திறமையை நாமே நம்பவில்லை. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று, இத்துறையிலே பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலே எழுதினார். ஆகவே மாமியோடு, முச்சக்கர வண்டி ஓட்டுநர் ஒருவர், கல்லூரி எழுதுவினைஞர், ஒரு மாணவன், எமது மனைவியார் ஆகிய ஐவரிடமும் அதே கேள்வியைக் கேட்டோம். ஓட்டுநர் பணம் கட்டும் வழியைத் தேடி இடர்ப்பட்டார். அதனை மேலே கொணர்ந்தோம். மாமி ஒரு நிமிடத்துக்குள் விலையைச் சொன்னார். சொல்லிவிட்டு, “உங்கடை படத்தை ஏன் தம்பி எடுத்தனீங்கள்?” என்றும் கேட்டார்!

கார்த்திகையிலே முதலாவது அழைப்பு வந்தது. திருகோணமலையிலிருந்து ஓர் அம்மையார், சிறுபிள்ளைகள் உள்ள வீடு என்று சொல்லி, உறைப்புக் குறைந்ததில் அரைக்கிலோ கேட்டார். பின்னர் மட்டக்களப்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் அழைப்புகள் வந்தன. பெருஞ்செல்வம் குவிந்துவிட்டது என்று நாம் பொய்யுரைக்கமாட்டோம். சில கிழமைகளில் ஐந்தாறு பொதிகள் போகும். சில கிழமைகளில் ஒன்றும் போகாது. ஆயினும் மூத்தவளின் படிப்பு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு தீபாவளிக்குச் சென்றபொழுது தமக்கையாரின் கையிலே அந்தக் காப்பினைக் கண்டோம். நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றை மட்டும் சற்றுக் கூடுதலாகப் போட்டார்.

இன்றும் மாதத்தில் ஒருநாள் அவ்விறாந்தையிலே இருந்து, தொலைபேசியிலே வந்த கேள்விகளைக் கேட்டு எழுதுகின்றோம். மூன்று பேர் கேட்ட கேள்வி எதுவோ, அதற்குரிய மறுமொழி அன்றே தளத்தில் ஏறும். விலை மாறினால் திகதியும் மாறும். மாணவர்காள்! நாளை நீங்கள் ஒரு கடைக்கோ, சங்கத்துக்கோ, உங்களுக்கேயோ தளம் அமைக்க நேரலாம். வேலை தொடங்குமுன், அதனை நாடி வருபவர் எதனைத் தேடி வருவார் என்பதை ஒரு தாளிலே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தபின், அயல்வீட்டு மாமி ஒருவரின் கையிலே கொடுத்து, வாய் திறவாமல் அருகிலே அமர்ந்திருங்கள்.