கல்யாணத்துக்கு வந்தாக... கண்மாய்க்கு வரலை!

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்னப் பந்தயம். தோற்றவர் டீ வாங்கித் தரவேண்டும். பந்தயம் கட்டியவர் என் ஆபீஸ் நண்பர். பேரையூர் பக்கத்துக்காரர்.

"எங்க தாலுகா மதுரை மாவட்டம்தானே சார்... எங்களுக்கு எந்தத் தொகுதி எம்.பி.ன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

இதெல்லாம் ஒரு கேள்வியா? "மதுரைதான்" என்றேன் அலட்சியமாக.

டீக்காசு என் பாக்கெட்டிலிருந்து போனது.

விஷயம் இதுதான். பேரையூர் தாலுகா இருப்பது மதுரை மாவட்டத்தில். ஆனால் சட்டமன்றத்துக்கு அதன் ஒரு பகுதி திருமங்கலம் தொகுதி. இன்னொரு பகுதி உசிலம்பட்டி தொகுதி. பார்லிமென்ட்டுக்கோ திருமங்கலம் விருதுநகரோடு போகிறது, உசிலம்பட்டி தேனியோடு போகிறது. ஆக, கலெக்டர் மதுரையில், எம்.பி. பாதிப் பேருக்கு விருதுநகர், மீதிப் பேருக்குத் தேனி! பாகப்பிரிவினையில் கிணறு அண்ணனுக்கும் கமலை தம்பிக்கும் போன கதைதான்.

"முன்னாடி சேடப்பட்டின்னு எங்க பக்கத்துக்கே ஒரு தொகுதி இருந்துச்சு சார்" என்று பெருமூச்சு விட்டார் நண்பர்.

இருந்தது. 2006 தேர்தலோடு அதன் ஆயுசு முடிந்தது. 2008-ல் வந்த தொகுதி மறுசீரமைப்பில் காணாமல் போய்விட்டது. அங்கிருந்து 1977, 80, 84, 91 என்று நான்கு முறை ஜெயித்தவர் சேடப்பட்டி முத்தையா. ஊர்ப் பெயரையே இனிஷியல் மாதிரி போட்டுக்கொண்டவர். 1991 முதல் 96 வரை சபாநாயகர். தொகுதிக்கு அது பெரிய கௌரவம்தான். ஆனால் அந்த நாற்காலியில் ஒரு வேடிக்கை உண்டு. சபையில் யார் பேசலாம், யார் உட்காரவேண்டும் என்று சொல்பவர் அவர்தான். ஆனால் தன் தொகுதி ரோட்டைப் பற்றி அவர் எழுந்து மந்திரியிடம் கேள்வி கேட்க முடியாது! யார் உட்கார்ந்தாலும் அந்த நாற்காலியின் ராசி அப்படி.

பஸ் கிளம்பியது. திருமங்கலத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு சங்கதியைச் சொல்லாமல் போகக்கூடாது. 2009 ஜனவரியில் இங்கே நடந்த இடைத்தேர்தலில் கவரில் பணம் வைத்துக் கொடுத்ததாகப் புகார் எழுந்து, 'திருமங்கலம் ஃபார்முலா' என்று ஒரு சொல்லே பிறந்தது. அரசியல்வாதிக்கும் வாக்காளருக்கும் கடிதப் போக்குவரத்து வேண்டியதுதான். ஆனால் கவருக்குள் கடிதமே இல்லாத கடிதப் போக்குவரத்து எப்படி?

ராஜபாளையம் ரோட்டில் டி.கல்லுப்பட்டி வந்தது. பலகாரக் கடைகளைத் தாண்டி எனக்கு அங்கே ஞாபகம் வருவது காந்தி நிகேதன் ஆசிரமம். காந்தியின் பொருளாதார நிபுணர் ஜே.சி.குமரப்பா தன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த இடம். வெளிநாட்டில் படித்த ஆடிட்டர். 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் குஜராத்தில் மாதர் தாலுகா என்ற இடத்துக்கு காந்தி சொல்லிப் போனார். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு 54 கிராமங்களில் நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, கடன் எவ்வளவு என்று கணக்கெடுத்தார். 'ஜனங்கள் கஷ்டப்படுகிறார்கள்' என்று பொத்தாம்பொதுவாகப் புலம்பவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசினார். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கல்லுப்பட்டியிலிருந்து மேற்கே திரும்பினால் ஏழெட்டு கிலோமீட்டரில் பேரையூர். நாயக்கர் காலத்து 72 பாளையங்களில் ஒன்று. மேற்கே நீலமாய் மலை. சாப்டூர் காட்டுக்குள் இருக்கும் சதுரகிரி மகாலிங்கம் கோயிலும் இந்தத் தாலுகாதான். கீழே கரிசல். பருத்தி, மக்காச்சோளம் என்று வானத்தை நம்பிய மானாவாரி. மழை வந்தால் கண்மாய், வராவிட்டால் கவலை.

தாலுகா ஆபீஸ் இருக்கிற ஊர்களுக்கென்று ஒரு முகவெட்டு உண்டு. ஜெராக்ஸ் கடை. மனு எழுதித் தருகிறவர். டீக்கடை. கையில் மஞ்சப்பையோடு வெயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். பேரையூரும் அப்படித்தான். அந்தப் பெரியவர்களில் ஒருவர் பக்கத்துக் கிராமம். டீ சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன்.

"எம்.எல்.ஏ.வைப் பார்த்திருக்கீங்களா அய்யா?"

"பாக்காம என்ன தம்பி? சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தாக. எங்க அண்ணன் செத்தப்ப மாலையோட வந்தாக. காதுகுத்துக்கு வந்து போட்டோ எடுத்துக்கிட்டாக."

"எந்த எம்.எல்.ஏ.? இப்ப உள்ளவரா, முன்னாடி இருந்தவரா?"

"எல்லாருந்தேன். கட்சி மாறும், காரு மாறும். மாலை மட்டும் ஒரே மாலை." டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "கண்மாய்க்குத்தேன் ஒருத்தரும் வரலை."

அவர் ஊர்க் கண்மாயில் மூன்று மடை. இரண்டு அடைந்து கிடக்கிறது. வரத்துக் கால்வாய் முழுக்க சீமைக் கருவேல். மழை பெய்தால் தண்ணீர் கண்மாய்க்கு வராமல் வேறு பக்கம் ஓடிவிடுகிறது.

எனக்கு ரத்தம் கொதித்தது. மத்தியான சாப்பாட்டு வேளையில் ஆபீஸில் பேசுவோமே, அந்தப் பாணியில் 'இந்த நாட்டுல...' என்று ஆரம்பித்தேன். நண்பர் என் கையை அமுக்கினார்.

"தாத்தா, எம்.எல்.ஏ. ஆபீசுக்கு நீங்க எப்பவாச்சும் போயிருக்கீகளா?"

"மூணு தடவ போயிருக்கேன். பேரன் காலேஜ் சீட்டுக்கு ஒருக்க. மருமகன் டிரான்ஸ்பருக்கு ஒருக்க. எனக்கு ஓ.ஏ.பி. பணத்துக்கு ஒருக்க."

"கண்மாயைப் பத்திச் சொன்னீகளா?"

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அது ஊர்ப் பொதுக் காரியம்ல... யாராச்சும் சொல்லியிருப்பாகன்னு இருந்துட்டேன்."

யாராச்சும் சொல்லியிருப்பாக! தமிழ்நாட்டின் பாதிப் பிரச்னைகள் இந்த இரண்டு வார்த்தைக்குள் படுத்துத் தூங்குகின்றன. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தோம், வந்தார். கண்மாய்க்கு யார் பத்திரிகை வைத்தது?

சரி, எம்.எல்.ஏ. கையில் என்னதான் இருக்கிறது? தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். கேட்கும்போது கண்ணைக் கட்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். 234 தொகுதிக்கு வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 3 லட்சம் பேர். 3 கோடியை அவர்களுக்குப் பங்கு வைத்தால்? ஆளுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய். அதிலும் ஒரு பகுதியை எதெதற்குச் செலவழிக்கவேண்டும் என்று அரசாங்கமே சொல்லிவிடும். இதில் எல்லாத் தெருவுக்கும் ரோடு, எல்லாக் கண்மாய்க்கும் மடை என்றால் நடக்கிற காரியமா? அவர் பொறுக்கித்தான் எடுக்கவேண்டும். எதை முதலில் எடுக்கிறார் என்பதுதான் விஷயமே.

2022 ஆகஸ்டில் இதற்கு ஒரு பரீட்சையே வந்தது. 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதினார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வித்தியாசம் கிடையாது. தொகுதியில் ரொம்ப நாளாகத் தீராத பத்துக் கோரிக்கைகளை எழுதி 15 நாளில் கலெக்டரிடம் கொடுக்கவேண்டும். பத்தே பத்து! ஒரு தொகுதியில் எத்தனை கிராமம், எத்தனை கண்மாய், எத்தனை பஸ் இல்லாத ஊர்... அத்தனைக்கும் பத்து இடம். பத்தில் நம் ஊர் வரவேண்டுமானால், எழுத உட்காருகிற நேரத்தில் நம் ஊர் அவர் ஞாபகத்தில் இருக்கவேண்டும்.

இன்னொரு கதவும் உண்டு. அதிகம் பேருக்குத் தெரியாது. சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. மாவட்டங்களுக்கு நேரில் வந்து விசாரிக்கும். பல வருஷமாகத் தீராத பொதுப் பிரச்னையை யார் வேண்டுமானாலும் தமிழில் எழுதி அனுப்பலாம். ஆனால் ஒரு மனுவில் ஒரே பிரச்னை, ஒரே துறை. எதெல்லாம் கூடாது என்று ஒரு பட்டியல் போடுவார்கள் பாருங்கள்: வேலைவாய்ப்பு, முதியோர் பென்ஷன், பட்டா, கடன், டிரான்ஸ்பர்! பெரியவர் எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போன மூன்றில் இரண்டு இங்கேயே அடிபட்டுவிடும். அவர் சொல்லாமல் விட்ட கண்மாய்தான் பாஸ்!

பொதுக் காரியத்துக்கு ஆயுசு அதிகம் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே சாட்சி இருக்கிறது. உசிலம்பட்டியிலிருந்து பலமுறை சட்டமன்றம் போனவர் பி.கே.மூக்கையாத் தேவர். ராமநாதபுரம் எம்.பி.யாகி 1974-ல் கச்சத்தீவுக்காக லோக்சபாவில் குரல் கொடுத்தவர். அவர் எத்தனை கல்யாணத்துக்குப் போனார் என்று இன்றைக்கு யாருக்கும் கணக்கு இல்லை. உசிலம்பட்டி, கமுதி, மேலநீலிதநல்லூர் என்று அவர் கொண்டுவந்த மூன்று கல்லூரிகள் மட்டும் நிற்கின்றன. மூன்றும் அப்போது காலேஜையே பார்த்திராத ஊர்கள்.

அதே உசிலம்பட்டிப் பக்கம் 58 கிராமக் கால்வாய் இன்னொரு பாடம். வைகை அணைத் தண்ணீரைக் கண்மாய்களுக்குக் கொண்டுவரும் திட்டம். பல ஆட்சிகள், பல எம்.எல்.ஏ.க்கள், பல போராட்டங்கள் தாண்டி 2018-ல்தான் சோதனை ஓட்டமாகத் தண்ணீர் வந்தது. அப்புறமும் அணையில் 67 அடி இருந்தால்தான் திறப்பு என்று நிபந்தனை. அணையின் முழு மட்டமே 71 அடி. ஒரு கோரிக்கை கல்லிலும் சிமெண்ட்டிலும் கால்வாயாக மாற ஒரு தலைமுறை ஆகிவிடுகிறது. யாராவது நடுவில் கேட்பதை நிறுத்தியிருந்தால் அந்த 2018-ம் வந்திருக்காது.

"நாமளே ஒரு பத்து எழுதிப் பார்ப்போமா சார்?" என்றார் நண்பர். ஜெராக்ஸ் கடையில் பின்பக்கம் வெள்ளையாக இருந்த தாள் ஒன்றை வாங்கினோம். டீக்கடையில் இருந்த ஆறேழு பேரும் கூடிவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் பதினேழு கோரிக்கை!

அப்புறம் வந்தது பாருங்கள், சோதனை. ஏழை வெட்டவேண்டும்.

"எங்க ஊர் பஸ்ஸை அடிச்சுராதீக!"

"அப்ப பள்ளிக்கூடச் சுவரை எடுத்துரவா?"

"அதெப்படி எடுப்பீக?"

அரைமணி நேரம் போராடி இரண்டைத்தான் வெட்ட முடிந்தது. நண்பருக்கு வேர்த்துவிட்டது. எம்.எல்.ஏ. என்ற ஜீவன் மேல் எனக்கு முதல்தடவையாக லேசாய் இரக்கம் வந்தது.

அப்போதுதான் கல்லுப்பட்டி குமரப்பா கைகொடுத்தார். "அய்யா, உங்க கண்மாய்க்குப் பாசனம் எத்தனை ஏக்கர்?" என்று கேட்டேன்.

"இருக்கும் தம்பி... அம்புட்டு இருக்கும்."

'அம்புட்டு' என்று மனுவில் எழுத முடியாது. காரணம் இருக்கிறது. ஒரு கண்மாய்க்கு 100 ஏக்கர், அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் இருந்தால் அது நீர்வளத்துறை கணக்கு. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். ஏக்கர் தெரியாமல் எழுதினால் மனு மேஜை மேஜையாக ஊர்வலம் போய்க்கொண்டே இருக்கும். எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம், எந்த மடை அடைத்திருக்கிறது, எந்த வருஷம் கடைசியாகத் தூர் வாரினார்கள்... நாலே வரி. அதோடு போனால் எம்.எல்.ஏ.வுக்கும் மறுப்பது கஷ்டம், மறப்பதும் கஷ்டம்.

தாளில் அந்த நாலு கேள்வியையும் எழுதிக் கொடுத்தேன். பேரன் கம்ப்யூட்டர் படித்தவனாம். விசாரித்து நிரப்பிவிடுவான் என்றார். தாளை மடித்து மஞ்சப்பையில் வைக்கப் போனவர், உள்ளேயிருந்து ஒரு கட்டு எடுத்தார். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை!

"பேத்தி கல்யாணம். நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணும் தம்பி. எம்.எல்.ஏ.வுக்கும் வைக்கப் போறேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு அய்யா. பத்திரிகையோட இந்தக் கண்மாய் மனுவையும் சேர்த்துக் கொடுங்க."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பொக்கை வாய் திறந்து சிரித்தார்.

"அவுக மொய் எழுதாமப் போனாலும் பரவாயில்ல, மடையை எழுதிட்டுப் போங்கன்னு சொல்றேன்!"